கட்டுத்தரைக் குட்டிக்கு ஒரு வீடு வேண்டும்

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாடு கட்டும் கட்டுத்தரையில் மூன்று மாத நாய்க்குட்டி ஒருவன் இருக்கிறான், அம்மா நாட்டு நாய், அப்பா பக்கத்துத் தோட்டத்து டெரியர், அதனால்தானோ என்னவோ மண்ணைக் கண்டால் தோண்டாமல் விடமாட்டான். டெரியர் என்ற பெயரே நிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான், வளைக்குள் புகுந்து வேட்டையாட வளர்த்த இனம். நேற்றுகூட வரப்பில் எலி வளைக்குள் தலையை விட்டு வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றான். தேங்காய்த் தொட்டி ஒன்று கிடைத்தால் களம் முழுக்க உருட்டிக்கொண்டே ஓடுவான், அப்புறம் என் தாத்தா, அதாவது அப்பாருவின் செருப்பைக் கவ்வி வந்து அவர் காலடியிலேயே போடுவான்.

அடுத்த மாதம் நான் வேலைக்காக பெங்களூரு போகிறேன், வயதான அப்பாருவால் இவன் பின்னால் ஓட முடியாது.

பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய்களைத் தாக்கும் தொற்றுநோய்களுக்கான தடுப்பூசி இரண்டு தவணை போட்டாயிற்று, குடற்புழு மருந்தும் கொடுத்தோம். 16 வார வயதில் இன்னொரு தவணை பாக்கி, வெறிநோய் ஊசியும் போட வேண்டும். பால்பல் விழப்போகிற வயது, கையைக் கடிப்பான், அடிக்காமல் ஒரு கயிற்றுத் துண்டைக் கொடுங்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடும் வீட்டுக்குத் தர எனக்கு மனமில்லை. ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் என்றால் நானே கொண்டுவந்து விடுகிறேன், வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.