ஏவுகணையின் கண்ணோடு சில வருடங்கள்

ஹெலினா ஏவுகணை என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் போகும்?" என்பதுதான். தரையிலிருந்து ஏவும் நாக் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணை 4 கிலோமீட்டர், அதையே ஹெலிகாப்டருக்காக மாற்றிய ஹெலினா 7 கிலோமீட்டர். கேட்பவர்கள் ராக்கெட் மோட்டாரைப் பெரிதாக்கிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொள்வார்கள். மூக்கில் இருக்கும் அகச்சிவப்புக் கண்ணோடு, நாங்கள் சீக்கர் என்று சொல்வது, வேலை பார்த்த எனக்கு அந்தக் கூடுதல் 3 கிலோமீட்டர் வேறு விஷயம்.

1983-ல் அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தின் ஐந்தில் ஒன்று நாக். முதல் சோதனை 1990-ல். பயன்படுத்தப்போகும் ராணுவத்துக்கான இறுதிப் பயனாளர் சோதனை 2020 அக்டோபரில் பொக்ரானில் முடிந்தது. முப்பது வருடமா என்று கேட்பவர்களின் ஆதங்கம் நியாயமானது. அதில் ஒரு நல்ல பங்கு ராஜஸ்தான் வெயிலுக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சீக்கர் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. பாலைவனத்தில் ஒரு பழைய டாங்கியை நிறுத்தி, விடிவதற்கு முன்பிருந்தே அதன் வெப்பப் படத்தைப் பதிவு செய்வோம். கனத்த இரும்பு இரவில் மெதுவாகத்தான் ஆறும். அதனால் குளிர்ந்த மணலின் மேல் டாங்கி பளிச்சென்று தெரியும், பீரங்கிக் குழாய், கோபுரம், சக்கரங்கள் எல்லாம். வெயில் ஏறினால் மணல் சீக்கிரம் சுட்டுவிடும். இரும்பும் மணலும் ஏறத்தாழ ஒரே சூட்டுக்கு வரும்போது திரையில் டாங்கி கரையத் தொடங்கும். முதலில் உடல் போகும், அப்புறம் கோபுரத்தின் விளிம்பு. கண்ணால் பார்த்தால் டாங்கி எதிரிலேயே நிற்கிறது! சாயங்காலம் இதே கதை தலைகீழாக நடக்கும். கோடைப் பகலில் நாக் திணறியதற்கு இதுதான் காரணம். சின்ன வெப்ப வித்தியாசத்தையும் பிரித்துப் பார்க்கும், நுணுக்கம் கூடிய சீக்கர் வந்த பிறகுதான் வழி பிறந்தது.

ஹெலிகாப்டருக்குப் போனதும் இதே சிக்கல் வளர்ந்தது. தூரம் இரண்டு மடங்கானால் படத்தில் டாங்கி பிடிக்கும் இடம் கால் பங்காகிவிடும். 7 கிலோமீட்டரில் அது ஒரு சின்னப் புள்ளிக் கூட்டம். ஹெலினாவோ ஏவுவதற்கு முன்பே இலக்கை லாக் செய்ய, அதாவது கண்ணில் குறியாகப் பிடித்துக்கொள்ள, வேண்டிய ஏவுகணை. அதிர்ந்துகொண்டே பறக்கும் இயந்திரத்திலிருந்து, மேலிருந்து சாய்வாக, புதரும் பாறையும் பின்னணியில் இருக்க, அந்தப் புள்ளிக் கூட்டத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஒரு தடவை லாக் ஆகிவிட்டால் ஏவிய பிறகு விமானி நகர்ந்துவிடலாம், மீதியை ஏவுகணை பார்த்துக்கொள்ளும். எதிரியின் துப்பாக்கிக்கு முன் ஹெலிகாப்டர் காத்து நிற்க வேண்டியதில்லை. எங்கள் வேலையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

2021 பிப்ரவரியில் பாலைவனத்தில் பயனாளர் சோதனைகள் நடந்தன. 2022 ஏப்ரலில் உயரமான மலைப் பகுதியில் ஏவினார்கள். அங்கே சூடு பிரச்சினை இல்லை, காற்றுதான் பிரச்சினை. மெல்லிய காற்றில் இறக்கைகளுக்குப் பிடிமானம் குறைவு. விமானப்படைக்கான வடிவத்துக்கு துருவாஸ்திரா என்று பெயர்.

சாண்ட் என்ற அடுத்த ஏவுகணை மில்லிமீட்டர் அலை ரேடார் சீக்கரோடு வந்தது. 2021 டிசம்பரில் பொக்ரானில் ஹெலிகாப்டரிலிருந்து சோதித்தார்கள், 10 கிலோமீட்டர் வரை எட்டும். ஏவிய பிறகும் இலக்கை லாக் செய்யலாம். மணலும் இரும்பும் ஒரே சூட்டில் இருந்தாலும் ரேடாருக்குக் கவலையில்லை, புழுதியும் புகையும் பெரிய தடையில்லை. அப்படியானால் அகச்சிவப்பு எதற்கு என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்பார்கள். ரேடார் தானே அலையை அனுப்புகிறது, அதனால் எதிரி அதை உணர முடியும். தரையிலிருந்து திரும்பி வரும் எதிரொலியிலிருந்து டாங்கியைப் பிரித்தெடுப்பதும் லேசான காரியமில்லை. அகச்சிவப்புக் கண் எதையும் அனுப்பாமல் பார்க்கிறது, உருவத்தையும் காட்டுகிறது. என்னைக் கேட்டால் இரண்டு வகையும் படையில் இருக்க வேண்டும்.