விளம்பரம் கொடுத்த தாதா

யாகுசா, அதாவது ஜப்பானியத் தாதாக் கூட்டம், என்றாலே நம் பிள்ளைகளுக்கு முதுகு முழுக்கப் பச்சை குத்தியவனும் வெட்டுப்பட்ட சுண்டுவிரலும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஓசு கினோசுகேதான். தோக்கியோவில் தெருக்கடைக்காரர்களைக் கட்டி மேய்த்த கூட்டத்துக்குத் தலைவர்.

1945 ஆகஸ்ட் 15, ஜப்பான் சரண். இங்கே மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் சனங்கள் கையிலிருந்த, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு இனி செல்லுமா செல்லாதா என்று முழித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், இந்த மனுஷன் மூன்றே நாளில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டார்: ராணுவத்துக்குச் சாமான் செய்த தொழிற்சாலைகளே, மாதிரிச் சரக்கோடு வாருங்கள், நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்கிறேன். வாங்க ஆளில்லாமல் தவித்த முதலாளிகள் விடுவார்களா? வாள் அடித்தவன் காய்கறிக் கத்தி அடித்தான், இரும்புத் தொப்பி செய்தவன் அதையே சட்டியாக்கினான். அந்த மாதமே தோக்கியோவின் சின்சுக்கு ஸ்டேஷன் பக்கம் சந்தை எழும்பிவிட்டது, 'ஒளி சின்சுக்குவிலிருந்து' என்ற முழக்கத்தோடு.

இடம் யாருடையது? அடுத்தவனுடையது. குண்டில் எரிந்து காலியாகக் கிடந்த மனை. அதில் கடை போட விட்டு, கடைக்கு இவ்வளவு என்று வசூல். ரேஷன் அரிசி போதாத ஊரில் சாமான் கிடைக்கிறதே என்று சனமும் வந்தது, போலீசும் கண்டும் காணாமல் இருந்தது.

எங்கள் தாத்தா காலத்துக் கங்காணியும் இதே ரகம்தான். சம்பளத்துக்கு முன்னால் கடன் கொடுப்பார், கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாக நிற்பார், அப்புறம் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் தோட்டத்திடம் தலைக்காசு வாங்கிக்கொள்வார். திட்டவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது.

ஓசுவுக்கு ஆசை அடங்கவில்லை. 1947-ல் தேர்தலில் நின்று தோற்றார், அதே வருடம் கைதும் ஆனார். அடுத்தவன் நிலத்தில் கை வைத்தால் சொந்தக்காரன் ஒருநாள் பத்திரத்தோடு வந்து நிற்பான் இல்லையா. கோபே துறைமுக நகரத்து யாகுசா தாவோக்கா கசுவோ இந்த விஷயத்தில் இன்னும் விவரம். 1946-ல் முப்பத்துச் சொச்சம் ஆட்களோடு யாமகுச்சி கூட்டத்துக்குத் தலைவரானவர், நிலத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தார்: துறைமுகத்தில் கப்பலுக்கு மூட்டை ஏற்றி இறக்கும் கூலிகளை அனுப்பும் வேலை. கொரியப் போர் வந்ததும் துறைமுகத்தில் சரக்கு குவிந்தது, அவர் காட்டில் மழை. போதாததற்குப் பாடகி மிசோரா ஹிபாரியின் கச்சேரி வியாபாரமும் அவர் கையில். கூலிக்காரன் எந்தப் பத்திரத்தை நீட்டுவான்? 1978-ல் கியோத்தோவில் ஒருவன் சுட்டும் பிழைத்துக்கொண்டார், 1981-ல் சாகும்வரை அவர்தான் தலைவர்.