பியானா மலையூரில் கன்னோலி சுட்ட நாள்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பாலெர்மோவில் தடுக்கி விழுந்தால் ஒரு கன்னோலி கடை. பொரித்த குழல் ஓட்டுக்குள் இனிப்பு ரிக்கோட்டாவை அடைத்துத் தரும் பண்டம்தான் கன்னோலி. ஆனாலும் அந்த நகரத்துக்காரர்களே கன்னோலிக்காக மலையேறிப் போகும் ஊர் ஒன்று உண்டு: பியானா தேய்லி அல்பனேசி. நகரத்துக்குத் தெற்கே, சுமார் 24 கிலோமீட்டர். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில், துருக்கியர் படையெடுப்புக்குத் தப்பி வந்த அல்பேனியர்கள் அமைத்த ஊர். பெயர்ப்பலகைகளில் இன்றும் இத்தாலியனோடு அவர்கள் மொழியும் இருக்கிறது. சுற்றிலும் செம்மறி ஆடு மேயும் சரிவுகள். ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டி அந்த ஆட்டுப்பாலில் வருவது.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மா, தன் சமையலறையிலேயே செய்து காட்டினார். ரிக்கோட்டாவை முதல் நாள் இரவே வடிகட்டியில் போட்டு நீரை இறக்கியிருந்தார். அரைக் கிலோவுக்கு 200 கிராம் சர்க்கரை. கலந்து ஊறவிட்டு, அப்புறம் சல்லடையில் தேய்த்து எடுத்தார், இரண்டு தரம். அந்த வழுவழுப்புக்கு வேறு குறுக்குவழியே இல்லையாம்.

மேல் ஓட்டுக்கு மைதா, சர்க்கரை, கொஞ்சம் கோகோ, மார்சலா ஒயின், ஒரு கரண்டி வினிகர். வழக்கமாகப் பன்றிக் கொழுப்பும் சேரும். நான் சாப்பிடமாட்டேன் என்றதும் வெண்ணெய் போட்டார். சைவக்காரர்கள் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். மாவை நன்றாக மெல்லிசாகத் தேய்த்து வட்டமாக வெட்டி, உலோகக் குழலில் சுற்றி, ஓரத்தை முட்டை வெள்ளையால் ஒட்ட வேண்டும். அந்த வெள்ளை குழலில் பட்டுவிட்டால் ஓடு கழலாது, உடைந்துதான் வரும். முன்பெல்லாம் நாணல் தண்டில்தான் சுற்றினார்களாம். எண்ணெயில் விட்டதும் அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. கொப்புளம் இல்லாத ஓடுகளை அவர் தனியே ஒதுக்கிவைத்தார்.

ஓடு ஆறிய பிறகும் உள்ளே எதுவும் வைக்கவில்லை. எல்லாரும் மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகே ரிக்கோட்டாவை அடைத்தார். ஈரம் பட்டால் கொஞ்ச நேரத்திலேயே ஓடு நமுத்துவிடும். ஒரு முனையில் சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல்; அது பாலெர்மோ வழக்கம். கிழக்கே கத்தானியா பக்கம் போனால், எட்னா எரிமலைச் சரிவிலுள்ள புரோந்தே ஊரின் பிஸ்தாத் தூள். எனக்கு ஆரஞ்சுதான் பிடித்தது. ஆட்டுப்பாலின் கனத்துக்கு அந்த லேசான கசப்பு அவ்வளவு பொருத்தம்.

போவதானால் குளிர்காலத்திலோ வசந்தத்திலோ போங்கள். பச்சைப்புல் மேயும் காலத்து ரிக்கோட்டாவுக்குத்தான் ருசி. கண்ணாடிப் பெட்டியில் ஏற்கெனவே அடைத்து அடுக்கியிருந்தால் வாங்காதீர்கள். கண்ணெதிரே அடைத்துத் தரும் கடையைத் தேடுங்கள்.