'சா சிட்டா' சொன்னால் மணி எத்தனை?

தான்சானியாவின் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் ஒரு நாள் உடனிருந்து பார்க்கப்போகும் மாணவர் முதலில் மணி பார்க்கப் பழக வேண்டும். அங்கே பேசப்படும் சுவாகிலி மொழியில் பகல் கணக்கு விடியலில் தொடங்குகிறது. காலை ஏழு மணி 'சா மோஜா', முதல் மணி. எட்டு 'சா ம்பிலி', இரண்டாம் மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பாட்டன்மாருக்கு இது சட்டென்று பிடிபட்டிருக்கும். பதிவேட்டில் 24 மணிக் கணக்கில் எழுதும் செவிலியர்கூட, தாயிடம் பேசும்போது சுவாகிலி மணிக்குத் தாவிவிடுவார்.

இதில் என்ன கெட்டுப்போகும்? குணமாகி வீடு திரும்பும் குழந்தைக்கு 'ம்செட்டோ' எனப்படும் மலேரியா கூட்டு மாத்திரை தருகிறார்கள். 5 முதல் 15 கிலோவுக்குள் என்றால் வேளைக்கு ஒன்று, 3 நாளில் 6 வேளை. இரண்டாவது வேளை 8 மணி நேரம் கழித்து. காலை பத்துக்கு முதல் மாத்திரை என்றால் அடுத்தது மாலை ஆறு. அகராதியைப் பார்த்து 'சா சிட்டா', ஆறாம் மணி, என்று சொல்லிவிட்டால் தாய்க்கு அது நண்பகல், அல்லது நள்ளிரவு. சொல்ல வேண்டியது 'சா கூமி நா ம்பிலி ஜியோனி', மாலைப் பன்னிரண்டாம் மணி. பாலோ கொழுப்புள்ள உணவோ கூட இருந்தால்தான் மருந்து நன்றாக உடலில் சேரும். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதால், முதல் மாத்திரையை வார்டிலேயே விழுங்கவைத்துக் காத்திருக்கிறார்கள்.

கடும் மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி. 20 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 3 மி.கி., அதற்கு மேல் 2.4 மி.கி.; சேர்த்தவுடன், 12 மணி நேரம் கழித்து, 24 மணி நேரம் கழித்து, பிறகு நாளுக்கு ஒன்று. பரவலாகக் கிடைக்கும் 60 மி.கி. குப்பியில் முதலில் 1 மி.லி. சோடியம் பைகார்பனேட் விட்டுத் தெளியும்வரை குலுக்குவார்கள். கலங்கலாகவே நின்றால் கொட்டிவிட வேண்டியதுதான். பிறகு சலைன்: நரம்பில் போட 5 மி.லி., தொடையில் போட 2 மி.லி. மருந்தின் அடர்த்தியே இதில் இரண்டு மடங்கு மாறுகிறது. கலந்த மருந்து ஒரு மணி நேரத்துக்குத்தான் செல்லும். நீர் வற்றிய குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் அந்த ஒரு மணி கரைவதும் உண்டு. நரம்பா தொடையா என்பதைக் குப்பியைத் திறக்குமுன் முடிவுசெய்பவர்களைக் கவனியுங்கள். கைத்தேர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டி இன்னொரு பாடம். ஓட்டத்தைக் காட்டும் குழாயில் பந்து நிமிடத்துக்கு 2 லிட்டரில் சரியாகத்தான் மிதக்கும். ஆனால் செம்புழுதி அடைத்த வடிகட்டியைக் கழுவாமல் விட்டால் வருவது பெரும்பாலும் வெறும் காற்று. மின்சாரம் போனால் அதுவும் இல்லை. சிலிண்டர் எங்கே, அதைத் திறக்கும் சாவி யாரிடம் என்று காலையிலேயே பார்த்துவையுங்கள். விரலில் மாட்டும் இரத்த ஆக்சிஜன் அளவி கறுத்த தோலில் சற்றுக் கூடுதலாகவே காட்டும். 91 சதவீதம் என்று வந்ததும் நிம்மதி அடையாமல், குழந்தையின் விலா உள்வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தசோகைக்குக் கன்னத்தைப் பார்த்துப் பயனில்லை. உள்ளங்கையைத் தாயின் உள்ளங்கையோடு ஒப்பிடுங்கள், கீழிமையையும் விலக்கிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கை துறுதுறுக்கும். ஆளில்லாத வார்டில் 'நீ போடுகிறாயா?' என்று ஊசியை நீட்டுபவரும் இருப்பார். ஊரில் அனுமதியில்லாத எதற்கும் அங்கேயும் அனுமதியில்லை. மறுப்பதால் யாரும் கோபிப்பதில்லை. தற்செயலாக ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரையைச் சில மணிகளுக்குள் தொடங்குவது நல்லது, 72 மணிக்குமேல் பயனில்லை. 28 நாள் விழுங்க வேண்டும்.

பெரியவர்களைக் கண்டால் 'ஷிகாமோ' என்று வணங்குவது முறை. பதிலுக்கு 'மரஹாபா' வரும். நோயாளியிடம் 'போலே' என்று ஆறுதலாகச் சொன்னால் போதும். மாலை ஏழானதும் மறுபடியும் 'சா மோஜா', இரவின் முதல் மணி. காலை பத்துக்கு ஆர்ட்டிசுனேட் போட்ட குழந்தைக்கு இரவு பத்துக்கு, இரண்டுமே 'சா ன்னே', நான்காம் மணி, அடுத்த ஊசி இருக்கிறது. இரவுப் பணிக்கு வருபவரிடம் அது சொல்லப்பட்டதா என்று கேட்டுவிட்டுக் கிளம்பலாம்.