மண்டாய் ஏறி, லிம் சூ காங் இறங்கி

சிங்கப்பூரில் மலை ஏது என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. விடிவதற்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டாய் சாலைக்கு வரச் சொல்வேன், அவ்வளவுதான். நாட்டின் மிக உயரமான புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். ஏர்க்காட்டுக்காரர் அதைக் கரடு என்றுகூட மதிக்கமாட்டார். உச்சிக்குச் சைக்கிளில் ஏற அனுமதியும் இல்லை. ஆனால் இங்கே தொடையை நோகவைப்பது உயரம் அல்ல, மேடுகளின் எண்ணிக்கை. ஒன்றில் ஏறி மூச்சு சீராவதற்குள் அடுத்தது வந்துவிடும். மலேசியாவில், அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து கேமரன் மலைமேல் இருக்கும் தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். அங்கே ஒரு கியரைப் போட்டுக்கொண்டு பொறுமையாக மிதித்தால் என்றாவது ஒரு நேரம் போய்ச் சேர்ந்துவிடலாம். இங்கே கியரை மாற்றி மாற்றியே விரல் ஓய்ந்துவிடும். கேமரனுக்குப் பொறுமை வேண்டும், மண்டாய்க்கு எரிச்சலைத் தாங்கும் குணம் வேண்டும்.

கேமரனுக்குப் போகும் முன் மூட்டைகளோடு ஏறிப் பழகுவதற்காகத்தான் நானும் நண்பரும் இந்த வழியில் கிளம்பினோம். என்னுடையது நெடும்பயணத்துக்கான கனத்த இரும்புச் சட்ட வண்டி. பின்சக்கரத்தின் இருபுறமும் பை. அவருடையது சிறுசக்கர மடக்கு சைக்கிள். அதில் கேமரனா என்று நான் கேட்டால், கால்தானே மிதிக்கிறது, சக்கரமா மிதிக்கிறது என்பார். இங்கே சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் எழும். ஐந்தரைக்குப் புறப்பட்டால் லாரிகளுக்கும் வெயிலுக்கும் முன்னால் மண்டாயைக் கடந்துவிடலாம். 2019 முதல் சாலையில் சைக்கிள் ஓட்டுபவருக்குத் தலைக்கவசம் கட்டாயம். அந்த இருட்டில் சட்டம் இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்வேன்.

எங்கள் ஊர்த் தமிழருக்கு இரண்டு மண்டாய்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அது 1973-இல் திறந்த விலங்குத் தோட்டம். பெரியவர்களுக்குத் தகனச்சாலை. "மண்டாய்க்குப் போய்வந்தேன்" என்று ஒருவர் சொன்னால், எந்த மண்டாய் என்பதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். இதுவரை துக்க வீட்டு பஸ்ஸில் உட்கார்ந்து போன சாலையைச் சொந்தக் காலால் மிதித்துப் போனபோதுதான், அது இத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதே எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் யார் சாலையைப் பார்த்தார்கள்?

உட்லண்ட்ஸ் சாலையில் வலப்புறம் திரும்பியதும் கிராஞ்சிப் போர் நினைவிடம். அதுவும் ஒரு மேட்டின்மேல்தான். சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு நடந்து ஏறினோம். கல்லறை வரிசைகளுக்கு மேலே, சுவர்களில் உடல் கிடைக்காத வீரர்களின் பெயர்கள், 24,000-க்கும் மேல். இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்ப் பட்டியல் முடியாமல் நீள்கிறது. மலாயாவின் நீளத்தைச் சைக்கிளில் கடந்து வந்த ஜப்பானியக் காலாட்படை, 1942 பிப்ரவரி 8 இரவு இங்கிருந்து மேற்கே சரிம்பூன் கரையில் படகில் இறங்கியது. அடுத்த நாள் கிராஞ்சி. ஒரே வாரத்தில் சிங்கப்பூர் விழுந்தது. நல்ல சாலைகளைப் போட்டுக் கொடுத்தது பிரிட்டிஷ்காரர், அதைப் பயன்படுத்திக்கொண்டது எதிராளி. பின்சக்கரத்தில் சுமை கட்டிக்கொண்டு சாலை வழியாக ஒரு நாட்டைக் கடப்பது எப்படி என்று யோசிக்கிற எங்களுக்கு அந்தச் செய்தி சற்று நெருடலாகவே இருந்தது.

கிராஞ்சி அணையைத் தாண்டினால் நகரம் முடிந்துவிடுகிறது. ஒருபுறம் நீர்த்தேக்கம், மறுபுறம் ஜொகூர் நீரிணை, அதற்கப்பால் மலேசியாவின் கட்டடங்கள். அதன்பிறகு நியோ தியூ சாலை. லிம் சூ காங் பக்கத்துக் காட்டைத் திருத்திக் குடியேற்றத்துக்கு வழிசெய்தவர்களில் ஒருவரான நியோ ஆவ் தியூவின் பெயர் அதற்கு. இருபுறமும் மரங்கள் கவிந்த, குறுகிய, வளைந்து நெளிகிற சாலை. கீரைப் பண்ணை, மீன் பண்ணை, இடையிடையே குத்தகை முடிந்து புல் மண்டிய வெற்றுநிலம். சிங்கப்பூர் நிலத்தில் விவசாயத்துக்கு இருப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் பெரும்பகுதியை ஒரு காலை வேளையிலேயே சுற்றிப் பார்த்துவிடலாம். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகமும் இந்தப் பக்கம்தான். உள்ளே சைக்கிளுக்கு இடமில்லை. முதலைகள் உண்டு என்பதால் எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

முதலையைவிட நியோ தியூவில் அஞ்ச வேண்டியது நாய்களுக்கு. பண்ணை வாசலில் மூன்று நான்கு கிளம்பி வந்தன. நண்பர் வேகத்தைக் கூட்டினார். எதிரே சைக்கிளில் வந்த ஒரு தொழிலாளி கைகாட்டி நிறுத்தினார். பேச்சில் புதுக்கோட்டை தெரிந்தது.

"ஓடாதீர்கள் அண்ணே, ஓடினால்தான் துரத்தும். இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்."

"கடிக்காதா தம்பி?"

"என்னை இன்னும் கடிக்கவில்லை. அந்தக் கறுப்பு நாய் மட்டும் கொஞ்சம் முன்கோபி."

இறங்கி நடந்தோம். கறுப்பு நாய் எங்களை வேலியின் முடிவு வரை முறைத்தபடியே வந்து, தன் எல்லை முடிந்ததும் திரும்பிப் போயிற்று. அந்தத் தம்பி தினமும் விடுதியிலிருந்து பண்ணைக்கு இதே ஏற்ற இறக்கத்தில்தான் வருகிறாராம். பஸ் எப்போதாவதுதான் வரும் என்றார். வார இறுதியில் வெள்ளைச் சாலைக்கோட்டை ஒட்டிப் பறக்கும் பந்தய சைக்கிள் கூட்டத்தார் யாரும் நின்று பேசியதில்லை என்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

இந்த வடமேற்கு மூலை ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அழகுக்காக யாரும் இதை விட்டுவைக்கவில்லை. நெருக்கமான நகரத்தால் தன் நடுவில் வைத்துக்கொள்ள முடியாதவற்றுக்கெல்லாம் இங்கேதான் இடம் கிடைத்தது: குடிநீர்த் தேக்கம், துப்பாக்கிச் சுடும் பயிற்சி நிலம், விமானத்தளம், இடுகாடு, பண்ணை. அவற்றின் வேலிகளுக்கு இடையே மிஞ்சியதுதான் நாம் நாட்டுப்புறம் என்று ரசித்து மிதிக்கும் இந்தச் சாலை. லிம் சூ காங் சாலையையே பாருங்கள். இத்தனை வளைவுகளுக்குப் பிறகு திடீரென்று அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக நீண்டது. காரணம், தேவைப்பட்டால் விமான ஓடுபாதையாகவும் ஆகும்படி அதை அமைத்திருந்தார்கள். 2016 நவம்பரில் விளக்குக் கம்பங்களையும் பஸ் நிறுத்தங்களையும் கழற்றிவிட்டு, 2,500 மீட்டர் நீளத்துக்குப் போர் விமானங்களை ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். நேர்சாலை சைக்கிளோட்டிக்குச் சலிப்பு. அதிலும் எதிர்க்காற்று அடித்தால் எந்த மேட்டையும்விட மோசம்.

சாலையின் தெற்கு முனையை நெருங்கும்போது சுவா சூ காங் இடுகாடு. நாட்டில் இன்றும் புதைக்க இடம் தரும் ஒரே இடுகாடு இதுதான். சீனர், முஸ்லிம், கிறிஸ்துவர், இந்து என்று தனித்தனிப் பகுதிகள். நண்பரின் பாட்டனார் கடையநல்லூரிலிருந்து வந்து இங்கே அடங்கியவர். 1998-இல் வந்த விதிப்படி புதைகுழிக்குப் பதினைந்து ஆண்டுகள்தான் தவணை. பிறகு தோண்டி எடுத்து, புதைப்பதே கடமையான சமயத்தவரின் எச்சங்களை ஒன்றாகச் சேர்த்துச் சிறிய இடத்தில் மீண்டும் அடக்கம் செய்கிறார்கள். பாட்டனாருக்கும் அப்படியே ஆயிற்று. நண்பர் வண்டியைச் சாய்த்துவிட்டு ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்தார். "இந்த ஊரில் செத்தவரும் வீடு மாற வேண்டியிருக்கிறது" என்றார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தோம். சம்பால் என்கிற மிளகாய்த் துவையல் அருமை, ஆனால் ஏற்றத்துக்கு முன் தேங்காய்ப்பால் சோறு தின்னாதீர்கள்.

ஏனென்றால் உண்மையான ஏற்றங்கள் இனிமேல்தான். ஜாலான் பஹாரில் இடப்புறமோ வலப்புறமோ பார்க்காமல் மிதித்தால் 1940-இல் கட்டிய டிராகன் சூளையைத் தவறவிட்டுவிடுவீர்கள். விறகால் எரிக்கும், சரிவில் படுத்துக் கிடக்கும், செங்கல்லால் கட்டிய நீண்ட மண்பாண்டச் சூளை அது. சரிவு இருந்தால்தான் வெப்பம் கீழிருந்து மேலே தானாக ஏறும். எங்களைக் கொல்லும் சரிவு குயவருக்கு அடுப்பாகியிருக்கிறது. தீவின் நடுப்பகுதிக் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. மேற்கே படிவுப்பாறைகள் மடிந்து, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வரிவரியாக ஓடுகின்றன. ஃபேபர் மலையும் கெண்ட் ரிட்ஜும் அந்த வரிகள்தான். வரியோடு போகும் சாலை சுகம். வரிகளைக் குறுக்கே வெட்டும் சாலையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஏற்றம், ஓர் இறக்கம். நன்யாங் பல்கலைக்கழக வளாகம் இரண்டாவது வகை. மாணவர்கள் ஏன் பஸ்ஸுக்கு அவ்வளவு நீள வரிசையில் நிற்கிறார்கள் என்பது மூட்டையோடு அங்கே ஒருமுறை ஏறினால் புரியும். இறக்கத்தில் கிடைத்த வேகத்தை வீணாக்காமல், மேடு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி மேட்டில் மாற்றினால் செயின் கரகரவென்று சண்டைக்கு வரும். மழை பெய்திருந்தால் வளாகத்துக்குள் நுழையாமல் சுற்றிப் போவதே நல்லது. இலை ஒட்டிய இறக்கத்தில் பிரேக்கை நம்ப முடியாது.

பயனியர் எம்ஆர்டி நிலைய வாசலில் நண்பர் வண்டியை மடித்தார். மடித்த பிறகு 120-க்கு 70-க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் ரயிலில் ஏற்றலாம். வழியெல்லாம் நான் கிண்டல் செய்த அந்தச் சிறுசக்கரம் அதில் தாராளமாக அடங்கியது. என்னுடையது எப்படி மடித்தாலும் அடங்காது. அவர் குளிர்பதன ரயிலில் உட்கார்ந்துகொண்டு படம் எடுத்து அனுப்பினார். நான் மத்தியான வெயிலில் புக்கிட் பாத்தோக் மேட்டை நோக்கித் திரும்பினேன்.