61,204-ல அனுப்புனோம், 61,578-ல வந்துச்சு

அப்பா புனே பக்கத்துல பிம்ப்ரி சின்ச்வாட்ல 26 வருஷம் ஒரு கம்பெனி டூல் ரூம்ல வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆகி, போன வருஷம் அம்மாவோட கோயம்புத்தூருக்கே வந்துட்டாரு. கட்டில் பீரோ எல்லாம் பாதி அக்கம்பக்கத்துக்குக் குடுத்தாச்சு, ஆனா வண்டிய மட்டும் விக்க மாட்டேன்னு ஒரே பிடி. 2014 வேகன் ஆர், எம்எச் 14 நம்பர். முதல் நாள்ல இருந்து ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் தேதி, லிட்டர், ரூபா, கிலோமீட்டர் எல்லாம் ஒரு சின்ன டைரில எழுதி வெச்சிருக்காரு, அந்த டைரி டேஷ்போர்டுலயேதான் இருக்கும்.

"நானே ஓட்டிட்டு வந்தர்றேன் அம்மிணி, சதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, ரோடு நல்லாத்தான இருக்குது"ன்னாரு. கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர், கண்ணு ஆபரேஷன் பண்ணி ரெண்டு மாசம்கூட ஆகல, நாங்க விடல. எனக்கு லீவும் இல்ல. சரி ட்ரெயிலர்ல ஏத்தி அனுப்பிரலாம்னு முடிவு பண்ணோம்.

நெட்ல ஒரே ஒரு இடத்துல போன் நம்பர் குடுத்தேன், ஒரு மணி நேரத்துக்குள்ள 14 கால். அப்புறம்தான் புரிஞ்சுது, கூப்பிடறவங்கள்ல நிறைய பேர்கிட்ட சொந்தமா வண்டியே கிடையாது, நம்மகிட்ட ஆர்டர் வாங்கி ட்ரெயிலர்க்காரர் யாருக்காவது மாத்தி விடற புரோக்கர்ங்க. 11,500-க்கு ஒருத்தர் சொன்னாரு, மத்தவங்க எல்லாம் 17,000 - 19,000. அந்த 11,500 ஆளு கடைசில "ஸ்டேட் என்ட்ரி டாக்ஸ் தனியா வரும்"னு இழுத்தாரு. 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்தப்பவே ஆக்ட்ராய் (ஊருக்குள்ள சரக்கு வந்தா போடற வரி), என்ட்ரி டாக்ஸ் எல்லாம் போயிருச்சு, அதுவும் நம்ம பழைய சொந்த வண்டிய வீடு மாத்தறதுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு என்ன டாக்ஸ். யாராவது இப்படிக் கேட்டா போனை வெச்சிருங்க. நாங்க 18,000 சொன்ன இடத்துல மூடின கன்டெய்னர் ட்ரெயிலர்னு வாட்ஸப்ல எழுதி வாங்கிட்டு புக் பண்ணோம். அப்படி எழுதி வாங்குனது எவ்வளவு நல்லதுன்னு பின்னாடி தெரிஞ்சுது.

பிக்கப் அன்னிக்கு டேங்க்ல கால்வாசிக்கு மேல பெட்ரோல் வேண்டாம், உள்ள சாமான் எதுவும் வெக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அப்பா காலைலயே கழுவித் தொடச்சு, நாலு பக்கமும், டயர், ஸ்டெப்னி, டூல் கிட், மீட்டர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டாரு. மீட்டர்ல 61,204. அதைக் கையெழுத்துப் போடற பேப்பர்லயும் எழுதச் சொல்லி எழுத வெச்சுட்டாரு. வண்டி எடுக்க வந்த பையன் நிக்டில எங்க வீட்டுல இருந்து சாகன்ல இருக்கற அவங்க யார்டு வரைக்கும் ஓட்டிட்டுப் போவான், 20 கிலோமீட்டர் வரும், அங்க ட்ரெயிலர்ல ஏத்திருவாங்கன்னு பேச்சு. ஃபாஸ்டேக்கை எடுத்துருங்கன்னு நான் சொன்னேன், கண்ணாடில இருந்து பிரிச்சா கிழிஞ்சு போயிரும், மறுபடி புதுசு வாங்கணும்னு அப்பா விட்டுட்டாரு. அது இருந்ததாலதான் எங்களுக்கு விஷயமே தெரிஞ்சுது.

அப்பாவும் அம்மாவும் குர்லா எக்ஸ்பிரஸ்ல ஊருக்கு வந்து சேர்ந்துட்டாங்க. ஆறாம் நாள் போன் பண்ணா வண்டி பெங்களூரு யார்டுல இருக்கு, லோடு சேர்ந்ததும் கிளம்பும்னாங்க. மறுநாள் விடியக்காலம் 5:40-க்கு அப்பா மொபைலுக்கு எஸ்எம்எஸ், அத்திப்பள்ளி டோல்ல காசு கழிஞ்சிருக்கு. திறந்த ட்ரெயிலரா இருந்தா மேல நிக்கற காரோட டேக்கையும் டோல்ல ரீட் பண்ணிரும்னு கேள்விப்பட்டிருக்கேன், ஆனா நம்மளது மூடின கன்டெய்னர் ஆச்சே. அடுத்து கிருஷ்ணகிரி டோல். அந்த நேரக் கணக்கைப் பாத்தாலே லாரி இல்லன்னு தெரியுது. ஆபீஸுக்கு அடிச்சு அடிச்சு ஏழரை மணிக்கு ஒருத்தர் எடுத்தாரு. "கோயம்புத்தூர் பக்கம் லோடு சேரல மேடம், நம்ம டிரைவர்தான் பை ரோடு கொண்டு வர்றாரு, எக்ஸ்ட்ரா சார்ஜ் எதுவும் இல்ல"ன்னு ரொம்ப சாதாரணமா சொல்றாரு.

டிரைவர் யாரு, லைசென்ஸ் இருக்கான்னு கேட்டேன், அனுப்பறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. கொஞ்ச நேரத்துல பாளையம் டோல் எஸ்எம்எஸ் வந்துச்சு. பாளையம் தாண்டுனா தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் போய் வந்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், அந்த இறக்கத்துல எத்தனை லாரி பிரேக் பிடிக்காம முன்னாடி போற வண்டிங்க மேல ஏறியிருக்கு. அப்பா போனைக் கையிலயே வெச்சுட்டு திண்ணைல உக்காந்திருந்தாரு. காபி ஆறிப் போச்சு. "ரெண்டாவது கியர்ல இறக்கணும், அவனுக்குத் தெரியுமோ என்னமோ"ன்னு ஒரே தடவைதான் சொன்னாரு, அப்புறம் பேசவே இல்ல. 40 நிமிஷம் கழிச்சு ஓமலூர் டோல்னு எஸ்எம்எஸ் வந்ததும்தான் எந்திரிச்சு போய் முகம் கழுவினாரு. காரு போனா போகுது, யாரோ பெத்த பையன் ராத்திரி முழுக்க தூங்காம ஓட்டிட்டு வர்றான்ல, அதுதான் எங்களுக்கு பயமே.

வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர்னு ஒவ்வொண்ணா வந்து பதினொன்னரைக்கு வண்டி வாசல்ல நின்னுச்சு. இருபத்திரண்டு வயசுகூட இருக்காது அந்தப் பையனுக்கு, கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. அம்மா மொதல்ல அவனை உக்கார வெச்சு இட்லி போட்டாங்க, சண்டையெல்லாம் ஆபீஸ்காரங்ககிட்டதான்னு சொல்லிட்டாங்க. லைசென்ஸ் காட்டுனான், நல்லவேளை செல்லுபடி ஆகறதுதான்.

டிரைவர் சீட்டு கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளியிருந்துச்சு, அப்பா எப்பவும் முதுகுக்கு வெக்கற குஷன் பின் சீட்டுல கிடந்துச்சு. இடது பக்க முன் பம்பர் மூலைல விரல் நீளத்துக்கு புதுசா ஒரு கீறல். மீட்டர்ல 61,578. அப்பா சீட்டை முன்னாடி இழுத்து, குஷனை வெச்சு, கண்ணாடியச் சரி பண்ணிட்டு, டைரிய எடுத்து அந்த நம்பரை எழுதி பக்கத்துல 374-னு கழிச்சுப் போட்டாரு. டெலிவரி பேப்பர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கீறலையும் கிலோமீட்டரையும் நான் எழுதி, அந்தப் பையன்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன்.

லைசென்ஸ் விஷயத்தை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, நம்ம ஊர்ல சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசிலயே வண்டி ரோட்டுலயோ ரயில்லயோ ஏத்திட்டுப் போகும்போது ஆகற சேதத்துக்கு கவர் இருக்கு. ஆனா ஒருத்தர் ஓட்டிட்டு வரும்போது அடிபட்டா அவருக்குச் சரியான லைசென்ஸ் இருக்கணும், இல்லன்னா கிளெய்ம் சிக்கல்தான். நம்ம சாவி யார் கையில இருக்குன்னே தெரியாம இருந்தா கடைசில மாட்டிக்கறது நாமதான்.

கம்பெனிகாரங்க மொதல்ல எல்ஆர்ல (புக் பண்ணப்ப குடுக்கற லாரி ரசீது) "ஓனர்ஸ் ரிஸ்க்"னு, அதாவது சேதமானா ஓனர் பொறுப்புன்னு, சீல் இருக்கு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. நான் வாட்ஸப் மெசேஜ், ஏழு டோல் எஸ்எம்எஸ், மீட்டர் போட்டோ ரெண்டு எல்லாம் வெச்சு எழுத்துல ஒரு நோட்டீஸ் ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புனேன். 2007-ல வந்த கேரேஜ் பை ரோடு சட்டப்படி புக் பண்ண தேதில இருந்து 180 நாளைக்குள்ள இப்படி நோட்டீஸ் குடுத்தாதான் பின்னாடி கேஸ் போட முடியும், அதனால போன்ல மட்டும் பேசிட்டு விட்டுராதீங்க. மூணு வாரம் கழிச்சு டோல் காசும் சேர்த்து 6,000 திருப்பிக் குடுத்தாங்க.

இனி பேப்பர் வேலை. வேற ஸ்டேட் வண்டிய 12 மாசத்துக்கு மேல இங்க வெச்சிருந்தா புது நம்பர் வாங்கியே ஆகணும், அதுக்கு பழைய ஆர்டிஓ குடுக்கற என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சர்ட்டிபிகேட்) வேணும், ஃபாரம் 28. இதை அங்க இருக்கும்போதே அப்பா வாங்கிட்டாரு. லோன் 2019-லயே முடிஞ்சும் ஆர்சில பேங்க் பேரு அப்படியே கிடந்துச்சு, அதை எடுக்கறதுக்கு பேங்க் லெட்டரும் ஃபாரம் 35-உம் குடுத்து அலைஞ்சதுலதான் ஒரு மாசம் போச்சு. லோன் முடிஞ்ச அன்னிக்கே இதைப் பண்ணிருங்க. சேஸிஸ் நம்பர் மேல பேப்பரை வெச்சு பென்சில்ல தேய்ச்சு எடுத்துக் குடுக்கணும், டூல் ரூம் கை ஆச்சே, அப்பா எடுத்தது ஒவ்வொரு எழுத்தும் அச்சு மாதிரி விழுந்திருந்துச்சு.

இங்க ஃபாரம் 27 போட்டு, வண்டியோட வயசுக்கு ஏத்த மாதிரி தமிழ்நாடு டாக்ஸ் கட்டி, இன்ஸ்பெக்டர் பாத்து, டிஎன் 38 நம்பர் வந்தாச்சு. இன்சூரன்ஸ்லயும் நம்பரை மாத்தியாச்சு. மஹாராஷ்டிராவுல 15 வருஷத்துக்குக் கட்டுன டாக்ஸ்ல மீதி வருஷத்துக்கு ரீஃபண்ட் கேக்கலாம், புது ஆர்சி காப்பி வெச்சு போட்டிருக்கோம், இன்னும் வரல. வந்ததும் எத்தனை நாள் ஆச்சு, எவ்வளவு வந்துச்சுன்னு இதுலயே சேர்த்து எழுதறேன்.