தபால் ஓட்டு: 13ஏ படிவத்தைத் தனியே வையுங்கள்

தேர்தல் பணி ஆணை வந்ததும் எல்லோரும் விசாரிப்பது எந்த ஊர், எந்தப் பூத், பஸ் வசதி உண்டா என்றுதான். சொந்த ஓட்டைப் பற்றிய நினைப்பு கடைசியில்தான் வருகிறது. ஊரார் ஓட்டுக்காக இரண்டு நாள் தூக்கமில்லாமல் உழைப்பவரின் ஓட்டு ஒரு கையெழுத்துக் குறையால் செல்லாமல் போவது மிகவும் வருத்தமான விஷயம். கொஞ்சம் கவனம் இருந்தால் இதைத் தவிர்த்துவிடலாம்.

பணியில் இருப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. உங்கள் பெயர் இருக்கும் தொகுதிக்குள்ளேயே பணி கிடைத்தால் படிவம் 12ஏ கொடுத்து இ.டி.சி. எனப்படும் தேர்தல் பணிச் சான்று வாங்கலாம். பணிபுரியும் பூத்திலேயே, மற்றவர்களைப் போல இயந்திரத்தில் ஓட்டுப் போட்டுவிடலாம். வேறு தொகுதியில் பணி என்றால் படிவம் 12. அதுதான் தபால் வாக்குச்சீட்டுக்கான விண்ணப்பம். மக்களவைத் தேர்தலில் தொகுதி பெரிது, இ.டி.சி. பலருக்கும் பொருந்தும். சட்டமன்றத் தேர்தலில் பெரும்பாலும் சொந்தத் தொகுதிக்கு வெளியேதான் பணி போடுவார்கள் என்பதால் தபால் ஓட்டுதான் வழி. வாக்குப்பதிவுக்கு 7 நாள் முன்னதாகப் படிவம் 12, 4 நாள் முன்னதாக 12ஏ போய்ச் சேர வேண்டும் என்பது விதி. பயிற்சி வகுப்பிலேயே நிரப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

படிவம் 12 திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பாகம் எண்ணோ வரிசை எண்ணோ தவறாக இருப்பதுதான் காரணம். அடையாள அட்டையில் இருக்கும் பாகம் எண் அட்டை அச்சான நாளின் எண். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பழைய எண்ணை நம்பவே வேண்டாம். வாக்காளர் அட்டை எண்ணை வைத்து இணையத்தில் தேடி, இன்றைய பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதுங்கள். பணி ஆணை நகலையும் அட்டை நகலையும் சேர்த்துப் பின் செய்யுங்கள்.

2023இல் தேர்தல் நடத்தை விதிகளில் 18ஏ என்ற விதி சேர்ந்ததிலிருந்து, பணியில் இருப்பவர் வாக்குச்சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பயிற்சி நடக்கும் இடத்திலோ வேறிடத்திலோ அமைக்கும் வாக்காளர் வசதி மையத்தில் வாங்கி, அங்கேயே குறியிட்டு, அங்கேயே பெட்டியில் போட வேண்டும். வரிசை நீளமாக இருக்கிறது, நாளை பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டால் மறுநாள் அந்த மையம் இருக்குமா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மையத்தில் உங்கள் கைக்கு வருபவை: வாக்குச்சீட்டு, 13ஏ உறுதிமொழிப் படிவம், 13பி எனப்படும் சிறிய உறை, 13சி எனப்படும் பெரிய உறை, 13டி குறிப்புத் தாள். முதலில் வாக்குச்சீட்டின் வரிசை எண்ணைப் பாருங்கள். அதே எண் 13ஏ-யிலும் சிறிய உறையின் மேலும் இருக்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் அந்த உறையைத் திறக்க மாட்டார்கள். பிறகு ஒரே ஒரு வேட்பாளருக்கு எதிரே டிக்கோ பெருக்கல் குறியோ போடுங்கள். குறி இரண்டு பெயருக்கு நடுவில் விழக்கூடாது. வாக்குச்சீட்டில் கையெழுத்தோ பெயரோ எழுதினால் ஓட்டு செல்லாது. தவறுதலாகச் சீட்டு வீணாகிவிட்டால் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். விதியில் அதற்கு இடமுண்டு.

வாக்குச்சீட்டை மட்டும் மடித்துச் சிறிய உறையில் வைத்து ஒட்டுங்கள். 13ஏ அந்த உறைக்குள் போகவே கூடாது. ஒட்டிய சிறிய உறை ஒன்று, 13ஏ தனியாக ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பெரிய உறைக்குள் இருக்க வேண்டும். தபால் ஓட்டில் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான்.

ஏன் இத்தனை கறார்? எண்ணும் நாளில் காலை 8 மணிக்குத் தபால் ஓட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். பெரிய உறையைப் பிரித்ததும் 13ஏ இருக்கிறதா, உங்கள் கையெழுத்தும் அதற்கு அலுவலர் போடும் சான்றொப்பமும் இருக்கின்றனவா, எண் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் சிறிய உறையைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் 13ஏ படிவங்களைத் தனியே கட்டி முத்திரையிட்ட பிறகுதான் சிறிய உறைகளைத் திறப்பார்கள். பெயர் எழுதிய தாள் வெளியே இருந்தால் யாருக்கு ஓட்டு என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து சிலர் அதை உள்ளே ஒளித்து வைக்கிறார்கள். அந்தப் பயமே வேண்டாம்.

சான்றொப்பம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ராதாபுரம் போதும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. செல்லாது என்று ஒதுக்கப்பட்ட தபால் ஓட்டுகள் 203. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் போட்ட சான்றொப்பம் கெஜட்டட் (அரசிதழ்ப் பதிவு பெற்ற) அலுவலர் போட்டதாகுமா என்பதுதான் வழக்கு. ஆகும் என்று சொல்லி, 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஆகவே மையத்தில் அதற்கென்றே உட்கார்ந்திருக்கும் அலுவலர் முன்னால் கையெழுத்திடுங்கள். அவர் கையெழுத்து, பெயர், பதவி, முத்திரை எல்லாம் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு உறையை ஒட்டுங்கள்.

வீட்டில் 85 வயதைத் தாண்டியவரோ, 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் சான்று உள்ளவரோ இருந்தால் அவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போட விண்ணப்பிப்பதற்குப் படிவம் 12டி. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்புவரை வயது வரம்பு 80 ஆக இருந்தது, இப்போது 85. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும், பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே வந்து கொடுத்து வாங்கிக்கொள்வார். மாற்றுத்திறனாளி என்றால் சான்றின் நகலை இணைக்க வேண்டும்.

ஆனால் 12டி கொடுக்குமுன் யோசியுங்கள். அது ஏற்கப்பட்டதும் வாக்காளர் பட்டியலில் பெயருக்கு எதிரே 'பி.பி.' (தபால் வாக்குச்சீட்டு) என்று குறித்துவிடுவார்கள். பிறகு பூத்துக்குப் போனாலும் ஓட்டுப் போட முடியாது. தாத்தா ஆட்டோவில் பூத் வரை போய்வரக்கூடியவர், அதில் அவருக்குச் சந்தோஷம் என்றால் 12டி வேண்டாம். வேண்டும் என்றால், ஓட்டு வாங்க வீட்டுக்குக் குழு வரும் தேதியை முன்கூட்டியே சொல்வார்கள். அன்று மருத்துவமனைக்கோ மகள் வீட்டுக்கோ அழைத்துப் போய்விடாதீர்கள். ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லையென்றால் மூன்றாவது முறை வரமாட்டார்கள். இரண்டு அலுவலர்கள், வீடியோ எடுப்பவர், காவலர் என்று கூட்டமாக வருவதைப் பார்த்துப் பெரியவர்கள் மிரளக்கூடும், முதல்நாளே சொல்லி வையுங்கள். குறியிடும்போது மறைப்பு வைப்பார்கள். பார்வை இல்லாதவரும் கை நடுங்குபவரும் தாங்கள் நம்பும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லோரும், பெற்ற பிள்ளை உட்பட, அந்த நேரத்தில் தள்ளி நிற்க வேண்டும்.